பாட்டுகளைக் கழித்து எடுத்த இடம்

எங்கள் வீட்டு லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கும்படி எல்லோரும் சொன்னார்கள். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் சொன்னார். சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஒவ்வொரு போனிலும் சொன்னாள். கடைசியில் அந்த லேப்டாப்பே சொன்னது. இதிலுள்ள விண்டோஸுக்கு இனி பாதுகாப்பு அப்டேட் வராது, அடுத்த விண்டோஸை இந்த மெஷின் ஏற்காது என்று திரை முழுக்க ஓர் அறிவிப்பு வந்து நின்றது. நான் அதை மூடினேன். மறுநாளும் வந்தது.

தூக்கிப் போட முடியாததற்குக் காரணம் என் மனைவி. அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மில்லர்புரத்தில் எங்கள் மாதா கோயில் பாடற்குழுவை நடத்துகிறவளும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வேண்டிய பாட்டுகளை நாலு குரலுக்குப் பிரித்து, யார் எந்தச் சுரத்தில் நிற்க வேண்டும் என்று அந்த லேப்டாப்பில்தான் அடித்து வைப்பாள். அதற்கென்று ஒரு மென்பொருள் இருந்தது. முன்னால் இருந்த பங்குச் சாமியார் வாங்கிக் கொடுத்தது. அவர் மாற்றலாகிப் போய் வெகுநாளாயிற்று. சிடி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. பழைய விண்டோஸில் மட்டும் அது ஓடும். ஆகவே பழைய விண்டோஸ் இருந்தாக வேண்டும்.

நான் பாடுகிறவன் இல்லை. எனக்குச் சுருதி நிற்காது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை ஆண்களின் மேல்குரலான டெனர் வரிசையில் நின்று பார்த்தேன், என் மனைவியே மெதுவாக என்னை வெளியே கொண்டுவந்து விட்டாள். அதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுத்தாள். ஒத்திகையைப் பதிவு செய்வது. கப்பலுக்குப் போயிருப்பவர்கள், ஷிப்டில் மாட்டிக்கொண்டவர்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வராதவர்கள் எல்லோருக்கும் அந்தப் பதிவை அனுப்ப வேண்டும். பகல் முழுக்கக் கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் கண்டெய்னர் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. இசைக் கீபோர்டின் மேல் ரிக்கார்டரை வைத்துவிட்டு, கோயிலின் பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பில் ஏற்றிவிடுவேன். எதையும் அழித்ததில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் கடை அண்ணாச்சி ஒருவர் உண்டு. என் வயதுதான். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவரும் என்னை அண்ணாச்சி என்பார். லேப்டாப்பைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அதைத் திருப்பிப் பார்த்தார், காதருகே வைத்துக் கேட்டார், திறந்தார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. இதுல லினக்ஸ் போட்டுக்கிடலாம். ரொம்ப எடை இல்லாதது ஒண்ணு இருக்கு, உங்க மெஷினுக்குச் சரியா வரும். பழசையும் அப்படியே வச்சுக்கிடலாம். ஆன் பண்ணும்போது எது வேணும்னு கேக்கும். நீங்க சொல்லுதது ஓடும்."

"அப்ப இப்பவே போட்டுக் குடுங்க."

அவர் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தார். உள்ளேயிருக்கும் ஹார்டு டிஸ்க் வட்டு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் பட்டை, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சிவப்பாகக் கிடந்தது.

"எங்கன போட? கால் வைக்க எடமில்லையே. ஒரு அம்பது ஜிபியாவது காலி பண்ணிக் கொண்டாங்க. பிறகு அதைத் தனியாப் பிரிச்சு, அதுல புதுசைப் போடுவோம்."

"நீங்களே எதையாவது அழிச்சிருங்களேன்."

"அது மட்டும் சொல்லாதீங்க" என்றார். "ஒருத்தர் இப்படித்தான் வந்து, எல்லாம் குப்பை, அழிச்சிருங்கன்னாரு. அழிச்சேன். மறுநாள் அவர் வீட்டம்மா வந்து கடை வாசல்ல நின்னாங்க. அதுலதான் மக கல்யாண வீடியோ இருந்துச்சாம். அதுலேர்ந்து யார் மெஷினையும் நான் அழிக்கிறதில்ல. அழிக்கிறதை அழிச்சிட்டு, மிச்சத்தை ஒரு பென்டிரைவ்ல நகல் எடுத்துட்டு வாங்க."

வட்டில் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று வண்ணக் கட்டங்களாகக் காட்டும் ஒரு செயலியையும் ஏற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதை ஓடவிட்டேன். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் ஓரமாக ஒதுங்கி நிற்க, நடுவில் ஒரே ஒரு பச்சைக் கட்டம் மைதானம் மாதிரி விரிந்து கிடந்தது. அதைத் தொட்டதும் பெயர் வந்தது. பாடற்குழு ஒத்திகை.

என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தாள்.

"ஏங்க, ஒரே பாட்டை எத்தனை தடவ வச்சிருக்கீங்க?"

"ஏளா, ஒவ்வொண்ணும் வேற வேற ஒத்திகை."

"ஒத்திகைன்னாலே தப்பாப் பாடுததுதானே. தப்பைப் பத்திரமா வச்சு என்ன பண்ண?"

வெளியே வைத்துக்கொள்ளும் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதில் போட்டுவிடலாமே என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அதுவும் நிறையும். பிறகு இன்னொண்ணு வாங்குவீங்க. ஒரு தடவ உக்காந்து கேட்டுக் கழிச்சுப் போடுங்க. தனியா முடியலன்னா எல்லாரையும் வரச் சொல்லுதேன்."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும் பாடற்குழு முழுவதும் எங்கள் வீட்டுக்கு வந்தது. இட்லியும் வாளி நிறையச் சாம்பாரும் வைத்திருந்தோம். சோபாவில் இடமில்லாதவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். லேப்டாப்பைப் பழைய ஸ்பீக்கரில் மாட்டி, முதல் கோப்பிலிருந்து ஓடவிட்டேன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கேட்பது, வைக்க வேண்டுமென்றால் கை தூக்குவது. இதுதான் ஏற்பாடு.

முதலில் வேகமாகப் போனது. பிறகு தகராறு தொடங்கியது. பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ பாடுகிறவர்கள் தங்கள் குரல் நன்றாகக் கேட்கும் பதிவுகளுக்கெல்லாம் கை தூக்கினார்கள். டெனர்காரர்கள் அதே பதிவுகளில் தாங்கள் இருமியிருப்பதால் கழிக்கச் சொன்னார்கள். ஆண்களின் அடிக்குரலான பாஸில் முக்கியமானவர் ஒருவர் இருந்தார். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி ஒரு ஐஸ் கம்பெனியில் மேனேஜர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். அவர் எதற்குமே கை தூக்கவில்லை.

"என்னண்ணே, உங்களுக்கு ஒண்ணும் வேண்டாமா?" என்று என் மனைவி கேட்டாள்.

"என் குரல் எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான் இருக்கு மதினி. ஒண்ணு இருந்தாப் போதும்."

மதியத்துக்கு மேல் ஒரு நீளமான கோப்பு வந்தது. பாட்டே இல்லை. தேநீர் இடைவேளையில் நான் ரிக்கார்டரை அணைக்க மறந்திருக்கிறேன். டம்ளர் சத்தம், நாற்காலி இழுக்கும் சத்தம். அதற்கிடையில் ஒரு பெண் குரல், கணவாய் மீனை ரப்பர் மாதிரி ஆகிவிடாமல் எப்படிச் சமைப்பது என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தது. எங்கள் குழுவில் ஆல்டோ பாடிக்கொண்டிருந்தவள். புருஷன் வேலைக்காக இப்போது குவைத்தில் இருக்கிறாள்.

"உப்புப் போடாம, தண்ணி ஊத்தாம, வெறுஞ்சட்டியில போடணும்க்கா. அது விடுத தண்ணியிலயே வேகணும். அவசரப்பட்டா போச்சு" என்றது குரல். கொஞ்ச நேரம் மசாலாவைப் பற்றிச் சொன்னது. பிறகு, "எல்லாரும் வாங்க, ரெண்டாவது சரணத்துலேர்ந்து" என்று என் மனைவியின் குரல் குறுக்கே வந்து அதை நிறுத்தியது.

 எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின. பாஸ்காரரும் தூக்கினார்.

அந்தத் துண்டை மட்டும் வெட்டி, குவைத்துக்கு அனுப்பினேன். நாங்கள் அடுத்த கோப்புக்குப் போவதற்குள் அவளிடமிருந்து குரல் பதில் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் சிரித்தாள். பிறகு, "மதினி அன்னிக்கு நடுவுல கூப்பிட்டுட்டாங்கல்லா, அதனால கடைசியை நான் சொல்லவே இல்ல. தேங்காப்பாலை அடுப்பை அணைச்ச பிறகுதான் விடணும். அது தெரியாம எத்தனை பேரு கணவாயைக் கெடுத்தீங்களோ" என்றாள். ஆல்டோ வரிசையில் ஒருத்தி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கழிப்பதன் முறை மாறிப்போனது. சுத்தமாகப் பாடிய பதிவுகளை, "இதை இப்பவும் பாடுவோம், போகட்டும்" என்று விட்டுவிட்டார்கள். நடுவில் சிரித்துவிட்டது, இடி இடித்தது, கோயில் மணி குறுக்கே அடித்தது, இவற்றுக்கெல்லாம் கை தூக்கினார்கள். என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. குழுவின் தரம் என்ன ஆவது என்று கேட்டாள். ஆனாலும் எழுந்து போகவில்லை. அவளுக்குத் திடீரென்று விக்கல் வந்த பதிவைத் தானே இரண்டு முறை போடச் சொன்னாள்.

வைத்ததையெல்லாம் பென்டிரைவில் ஏற்றினேன். மிச்சத்தை அழித்தேன். பட்டை சிவப்பிலிருந்து நீலத்துக்கு வந்தது. பாதிக்கு மேல் வெள்ளை. வீட்டில் ஓர் அறையைக் காலி செய்து கழுவிவிட்ட மாதிரி எனக்கு இருந்தது.

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. காலியான இடத்தைத் தனியாகப் பிரிக்கப் பார்த்தபோது, அதில் துளிதான் பிரிக்க முடியும் என்று விண்டோஸ் சொன்னது. அண்ணாச்சிக்குப் போன் பண்ணினேன்.

"அது அப்படித்தான் சொல்லும். இடம் காலியா இருக்கு, ஆனா அந்தக் கடைசியில நகராத கோப்பு ஏதாவது உக்காந்திருக்கும். மெஷின் தூங்கும்போது எழுதி வைக்குத கோப்பு ஒண்ணு. மெமரி பத்தாம எழுதுத கோப்பு ஒண்ணு. அதையெல்லாம் முதல்ல நிறுத்துங்க. நிறுத்தியும் சரிப்படலன்னா நான் ஒரு பென்டிரைவ் தாரேன். அதுலேர்ந்து மெஷினை எழுப்பி, எல்லாத்தையும் ஒரு பக்கமாத் தள்ளிட்டுப் பிரிக்கலாம். பழைய வட்டு, மணிக்கணக்கா ஆகும். ஒண்ணே ஒண்ணு. நடுவுல கரண்ட் போகக்கூடாது. பேட்டரி எப்படி?"

"வயரைப் பிடுங்கினா கொஞ்ச நேரம் நிக்கும்."

"அப்ப கரண்ட் போகாத நாளாப் பாத்துப் பண்ணுங்க."

நிறுத்திப் பார்த்தும் சரிப்படவில்லை. பென்டிரைவை வாங்கி வந்தேன். பராமரிப்புக்காக மின்தடை என்று செய்தித்தாளில் போடும் அறிவிப்பைப் பல நாள் பார்த்து, எங்கள் பகுதியின் பேர் இல்லாத ஒரு விடுமுறை நாளைத் தேர்ந்தெடுத்தேன். காலை வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காப்பி குடித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, சார்ஜரைச் செருகி, அண்ணாச்சியின் பென்டிரைவிலிருந்து எழுப்பினேன். சாம்பல் நிறத் திரையில் வட்டு ஒரு நீளப் பட்டையாகத் தெரிந்தது. அதன் வலது முனையை மௌஸால் பிடித்து இடப்பக்கம் தள்ளினேன். தொடங்கவா என்று கேட்டது. தொடங்கினேன். ஒரு பச்சைக் கோடு ஊர ஆரம்பித்தது.

மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது வானம் இருட்டியிருந்தது. எங்கள் ஊரில் மாதக்கணக்காக மழை இல்லாமல் கடல் காற்று மட்டும் அடித்தால், மின்கம்பத்துப் பீங்கான்களில் உப்புப் படியும். காய்ந்திருக்கும் வரை பரவாயில்லை. முதல் தூறல் விழுந்து அந்த உப்பு நனைந்தால் பொறி பறந்து லைன் போய்விடும். நன்றாகப் பெய்து கழுவிவிட்ட பிறகுதான் சரியாகும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். செய்தித்தாளை அத்தனை கவனமாகப் பார்த்த நான் வானத்தைப் பார்க்கவில்லை.

தூறல் விழுந்தது. மின்விசிறி மெதுவாகி நின்றது. லேப்டாப்பில் பேட்டரிச் சின்னம் மட்டும் எரிந்தது. பச்சைக் கோடு இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது, முக்கால்வாசிகூட ஆகவில்லை.

அந்த நேரத்தில்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. ஒத்திகைப் பதிவுகளை நகல் எடுத்தேன். மனைவி வருஷக்கணக்காக அடித்து வைத்த சுரத் தாள்கள், அந்த மென்பொருளின் கோப்புறை ஒன்றில் இருப்பவை. அவற்றை எடுக்கவே இல்லை. 

பக்கத்து வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. ஓடிப் போய்ப் பார்த்தேன். பூட்டியிருந்தது. ஆலந்தலையில் கோயில் திருவிழா, குடும்பத்தோடு போயிருந்தார்கள். நான் திரும்பி வருவதற்குள் என் மனைவி பாஸ்காரருக்குப் போன் போட்டிருந்தாள். அவர் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது.

"இங்கன ஜெனரேட்டர் ஓடுது மதினி. யோசிக்காம வாங்க."

"லேப்டாப்பை எடுத்துக்கிட்டு ஏறுங்க" என்றாள் என்னிடம். அவள் ஏற்கனவே ஸ்கூட்டர் சாவியோடு வாசலில் நின்றாள். நான் வண்டி ஓட்டுவதில்லை. எப்போதும் பின்னால் உட்காருகிறவன்தான்.

"மூடக்கூடாது. மூடினா நின்னுரும்."

"திறந்தே வச்சுக்கிடுங்க."

"பென்டிரைவும் ஆடக்கூடாது."

"ஆடாமப் பிடிச்சுக்கிடுங்க."

மழைக்கோட்டை முன்பின்னாக மாட்டி, அதற்குள் லேப்டாப்பைத் திறந்தபடி மடியில் வைத்துக்கொண்டேன். சார்ஜரைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். ஒரு கையால் பென்டிரைவை அணைத்துப் பிடித்தேன். இன்னொரு கை திரையின் பின்புறம். அவளைப் பிடித்துக்கொள்ளக் கையே இல்லை. முழங்காலால் வண்டியை இறுக்கிக்கொண்டேன்.

அவள் அன்றைக்கு ஓட்டிய மாதிரி அதற்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்ததில்லை. வேகமாகப் போக வேண்டும், குலுங்கவும் கூடாது. பழைய வட்டு, உள்ளே தட்டு சுற்றிக்கொண்டிருக்கிறது, ஓர் அதிர்ச்சி போதும். வேகத்தடை வரும்போதெல்லாம் முன்கூட்டியே "தடை" என்று சொல்லிவிட்டு, ஓரத்தில் அது தேய்ந்திருக்கும் இடமாகப் பார்த்து ஏற்றி இறக்கினாள். தூறல் என் கண்ணாடியில் விழுந்தது. துடைக்க வழியில்லை. மழைக்கோட்டுக்குள் பச்சைக் கோடு ஊர்கிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. லேப்டாப் விசிறியின் சூடும் சத்தமும் வயிற்றில் பட்டுக்கொண்டிருந்தன, அதுவே போதுமென்று இருந்தேன். சிக்னலில் நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரர் என் மடியில் வெளிச்சம் தெரிவதைக் குனிந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, படம் ஓடுதா?"

"ஆமா" என்றேன். விளக்க நேரமில்லை.

"ஏளா" என்று அவள் முதுகிடம் சொன்னேன், "உன் சுரத் தாளெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. நான் நகல் எடுக்கல."

அவள் திரும்பவில்லை. "இப்பப் பேசாதீங்க. தடை வருது" என்றாள்.

ஐஸ் கம்பெனி வாசலில் பாஸ்காரர் குடையோடு நின்றார். எங்கள் தலைக்குப் பிடிக்காமல் லேப்டாப்புக்குப் பிடித்தார். மூன்று பேருமாக ஈரத் தரையில் வழுக்காமல் நடந்து அவருடைய அறைக்குள் போனோம். பேட்டரிச் சின்னம் சிவப்பாகித் துடித்துக்கொண்டிருந்தது. என் சார்ஜர் பிளக்கின் பின்கள் தடிமன். சுவரில் இருந்த துளை சின்னது. அவர் கால்குலேட்டரையும் பில் மெஷினையும் ஒதுக்கிவிட்டு, மேசைக்கு அடியிலிருந்த ஃபிரிட்ஜின் ஒயரைப் பிடுங்கி அந்த இடத்தில் என்னுடையதைச் செருகினார். சின்னம் ஒரு கணம் அணைந்து, பச்சையாக எரிந்தது. கோடு ஊர்ந்துகொண்டிருந்தது.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.  என் மனைவி முந்தானையால் என் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள்.

"அந்தத் தாளெல்லாம் போயிருந்தா என்னளா பண்ணியிருப்போம்?"

"ஏன் போகுது? எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துக் கோயில் அலமாரியில வச்சிருக்கேன். உங்க மெஷினை நம்பியா இத்தனை நாள் பாட்டு நடத்துதேன்?"

"இதை வண்டியிலயே சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா மடியில இருக்கதை இவ்வளவு கெட்டியாப் பிடிச்சிருக்க மாட்டீங்க."

பாஸ்காரர் சிரித்த சிரிப்பில் மேசைக் கண்ணாடி அதிர்ந்தது. நான் லேப்டாப்பைக் கையால் அணைத்துக்கொண்டேன்.

மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது. வெளியே ஐஸ் பார்களை நொறுக்கும் மெஷின் இரைந்தது. சாயங்காலம் கடலுக்குப் போகும் வள்ளத்துக்காக ஐஸ் ஏற்ற வந்தவர்கள் மழைக்கு ஒதுங்கி அறை வாசலில் நின்றார்கள். என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். உள்ளே இருப்பதை ஒரு பக்கமாக ஒதுக்கி, இன்னொன்றை வைக்க இடம் எடுக்கிறோம் என்று சொன்னேன். இதற்கா இத்தனை நேரம் என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் அவரைப் பார்த்து, "ஏலே, நம்ம வள்ளத்துல ஐஸை ஒதுக்க நீ எடுக்குத நேரத்துக்கு இது பரவாயில்ல" என்றார். அவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வண்டியைப் பார்க்கப் போனார்கள்.

நொறுக்கும் மெஷின் நின்றதும் அறைக்கு வெளியே இருந்த கூடம் அமைதியானது. உயரமான தகரக் கூரை, கீழே ஐஸ் உறையவைக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியின் மேல் வரிசையாக மரப்பலகைகள், குளிர். என் மனைவிக்குச் சும்மா இருக்க முடியாது. அன்று மாலை ஒத்திகை இருந்தது. அதை ரத்து செய்துவிட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகத்துக்குப் பின் பாடும் பதிலுரைப் பாடலை மெதுவாக எடுத்தாள். பாஸ்காரர் ரசீது போட்டுக்கொண்டே கீழ்க் குரலில் சேர்ந்தார். இரண்டு குரல்தான். கூரை அதை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தது. எங்கள் கோயிலில் அப்படிக் கேட்டதில்லை. பலகை மேல் நின்று கொக்கியோடு வேலை செய்தவர் கொக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றார்.

நான் போனை எடுத்து மேசையில் வைத்துப் பதிவை அழுத்தினேன். பாடிக்கொண்டே என் மனைவி அதைப் பார்த்தாள். பாட்டு முடிந்ததும், "இதை எங்கன வைப்பீங்க?" என்று கேட்டாள். நான் லேப்டாப் திரையைக் காட்டினேன். பட்டையில் ஒரு பக்கம் வெள்ளையாக ஒதுங்கியிருந்தது. எல்லாம் முடிந்தது, பிழை எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"முடிஞ்சிருச்சா?" என்று பாஸ்காரர் எட்டிப் பார்த்தார். "இந்த வெள்ளையா? இதுக்குத்தானா?"

"இதுக்குத்தான்."

"நல்லா அகலமாத்தான் எடுத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு ஃபிரிட்ஜை மறுபடி மாட்டினார்.

திரும்பும்போது லேப்டாப் மூடிய நிலையில் பைக்குள் இருந்தது. மழை வலுத்துப் பெய்து ஓய்ந்திருந்தது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வழியில் பரோட்டா வாங்கினோம். வீட்டுக்கு வந்தபோது விளக்கு எரிந்தது.

மறுநாள் அலுவலகம் முடிந்ததும் லேப்டாப்பை அண்ணாச்சி கடைக்குக் கொண்டுபோனேன். ஐஸ் கம்பெனிக் கதையைச் சொன்னேன். அவர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். "ஓடுத வட்டை ஸ்கூட்டர்ல கொண்டுபோனீங்களா? வெளிய சொல்லாதீங்க அண்ணாச்சி, என் கடைப் பேரு கெட்டுப்போகும்." வெள்ளை இடத்தில் லினக்ஸ் ஏறுவதற்கு ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆனது. அத்தனை பாடு பட்டதற்கு அது இன்னும் கொஞ்சம் சிரமப்பட்டு ஏறியிருக்கலாம் என்று தோன்றியது.

இப்போது லேப்டாப்பை எழுப்பினால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வருகிறது. புதியது மேலே, பழையது கீழே. ஒன்றும் சொல்லாவிட்டால் புதியதற்குள் போய்விடும். மகளோடு வீடியோவில் பேசுவது, என் அலுவலக மெயில், பாட்டுக் கேட்பது எல்லாம் அதில்தான். விசிறி இரைவதில்லை. தூக்கிப் போடச் சொன்ன மகள், "பரவால்லப்பா, என் லேப்டாப்பைவிட சீக்கிரம் வருது" என்றாள். என் மனைவி பாட்டு அடிக்க உட்காரும்போது மட்டும் அம்புக்குறியைக் கீழே தட்டிப் பழையதற்குள் போகிறாள். பழையதை இணையத்தோடு இணைப்பதில்லை. அதற்கு அங்கே வேலையும் இல்லை.

பாடற்குழுவில் இன்னும் இரண்டு பேர் தங்கள் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்திருக்கிறார்கள். முதலில் இடம் காலி பண்ணுங்கள், எதை அழிப்பதென்று நான் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒருத்தி தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து, எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தன் பிள்ளைகளின் போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதுவரை ஒன்றையும் அழிக்கவில்லை. என் மனைவி அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, தானும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்க்கிறாள்.